எனக்கு நானே கொடுத்த கைமாத்து

எனக்கு நானே கைமாத்து கொடுத்து, திருப்பிக் கேட்டபோது எனக்கு நானே டிமிக்கியும் கொடுத்தவன் நான். ஊரில் ஏமாந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் ஏமாற்றியவனும் ஏமாந்தவனும் ஒரே சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரே கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு, ஒரே ஷேர் ஆட்டோவில் ஒற்றை ஆளுக்கான காசு கொடுத்து வேலைக்குப் போனது என் விஷயத்தில் மட்டும்தான் நடந்திருக்கும்.

இதில் கூடுதல் அழகு, என் பிழைப்பே கணக்குப் போடுவதுதான். அம்பத்தூர் எஸ்டேட்டில், லாரிக்கும் டிராக்டருக்கும் போல்ட் செய்கிற கம்பெனி ஒன்றில் காஸ்டிங் பார்க்கிறேன். ஒரு போல்ட்டுக்கு இரும்பு எவ்வளவு, கரண்ட் எவ்வளவு, மெஷினில் நிற்பவர் கூலி எவ்வளவு, முலாம் பூச எவ்வளவு என்று பைசா சுத்தமாகச் சொல்லிவிடுவேன். கீழே மெஷின்கள் ஓடுகிற ஷாப்பிலிருந்து வருகிற காஸ்ட் ஷீட்டில் 'இதர செலவு' என்ற வரி மட்டும் கொஞ்சம் கொழுத்திருந்தால் போதும், சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'இதர என்றால் என்ன? பிரித்து எழுதவும்' என்று குறிப்போடு திருப்பி அனுப்புவேன். அந்தக் குறிப்பினாலேயே ஆபீஸில் எனக்கு 'இதர சார்' என்று பெயர். முகத்துக்கு நேராகக் கூப்பிட மாட்டார்கள். நான் கேண்டீனுக்குள் நுழையும்போது பேச்சு அந்தப் பெயரிலேயே நின்றுபோவதை வைத்துத் தெரிந்துகொண்டேன்.

இப்படிப்பட்ட ஆள் சொந்தமாக ஒரு அட்வான்ஸ் சேர்க்க வேண்டியிருந்தது. அதுதான் கதை.

மனைவியும் மகளும் விருதுநகரில். மனைவி அங்கே ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். நான் மேனாம்பேட்டில், மொட்டைமாடியில், தண்ணீர் டேங்குக்குப் பக்கத்து ரூமில். டேங்க் நிறைந்து வழியும்போது முதலில் தெரிவது எனக்குத்தான் என்பதால் வீட்டுக்காரருக்கு என் மேல் ஒரு மதிப்பு உண்டு. மனைவி சம்பளம் அங்கே வாடகைக்கும் மகள் படிப்புக்கும் சரியாக இருந்தது. என் சம்பளம் இங்கே எதற்குச் சரியாக இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

போன வருஷம் ஜூனில் பேசி முடிவு செய்தோம். மகள் அஞ்சாவதை ஊரில் முடிக்கட்டும். ஆறாவது சென்னையில். அதற்குள் நான் ஒரு வீட்டுக்கான அட்வான்ஸை முழுசாகச் சேர்த்து வைக்க வேண்டும். வெளியே கடன் வாங்கக் கூடாது என்பது மட்டும் மனைவி போட்ட நிபந்தனை. கல்யாணத்துக்கு வாங்கிய கடனை மகள் மூணாவது போகும்வரை அடைத்த அனுபவம் அவளுக்கு. நான் சத்தியமாக அந்த நிபந்தனையை மீறவில்லை. வெளியே ஒருவரிடமும் வாங்கவில்லை. உள்ளேயே வாங்கினேன்.

சென்னைக்குப் பிழைக்க வந்தவர்களுக்குத் தெரியும், இங்கே வாடகை என்பது மாசா மாசம் வருகிற தலைவலி, அட்வான்ஸ் என்பது ஒரே அடியாக வருகிற ஆபரேஷன். பிப்ரவரியில் கொரட்டூரில் ஒரு வீடு அமைந்தது. இரண்டாவது மாடி, ஏரிக் காற்று வருகிற பின்பக்கம், பன்னிரண்டாயிரம் வாடகை, ஆறு மாச அட்வான்ஸ். இருந்தவர்கள் ஏப்ரல் கடைசியில் காலி செய்வதாக இருந்தார்கள். வீட்டுக்கார அம்மா கீழ்வீட்டு வாசலில் நின்றபடியே பேச்சை முடித்தார். "ஏப்ரல் முப்பது வரைக்கும் வெச்சிக்கினு கீறேன்பா. அதுக்கு மேல என்னாண்ட பேசாத." அந்தக் கறார் எனக்குப் பிடித்திருந்தது. நானும் கறாரான ஆள் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். மனைவி, துணி காயப்போட இடம் எங்கே என்று கேட்டாள். மகள், ஜன்னல் இருக்கிற ரூம் தனக்கு என்று பதிவு செய்துவிட்டாள். இருந்ததே இரண்டு ரூம், இரண்டிலும் ஜன்னல் இருந்தது. அதை நான் சொல்லவில்லை, அவள் ஜெயித்த மாதிரி இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பட்ஜெட் போடாதவன் அல்ல நான். வகை வகையாகப் போட்டவன். முதலில் போனில் ஒரு ஆப் இறக்கினேன். செலவு மீறினால் 'இந்த வாரம் அதிகமாகச் செலவழித்துவிட்டீர்கள்' என்று மணியடித்துச் சொல்லும். திருந்தியிருக்க வேண்டியவன், யாரோ நம்மை விசாரிக்கிறார்களே என்று சந்தோஷப்பட ஆரம்பித்தேன். அழித்தேன். அப்புறம் ஆபீஸ் பாணியில் ஒரு எக்செல் ஷீட். அதில் கலர் தேர்ந்தெடுப்பதிலேயே இரண்டு ஞாயிறு போனது. கடைசியில் வீடியோவில் ஒரு கோட்டுக்காரர் சொன்ன கவர் முறைக்கு வந்தேன். ஒண்ணாம் தேதி சம்பளத்தை நோட்டாக எடுத்து, ஒவ்வொரு செலவுக்கும் ஒரு பழுப்புக் கவரில் போட்டுவிட வேண்டும். கவர் காலியானால் அந்தச் செலவு அந்த மாதத்துக்கு முடிந்தது. வாடகை, மெஸ், ஆட்டோ, ஊருக்குப் போய்வர, அட்வான்ஸ், இதர. கவர்கள் கடையில் காசு கொடுத்து வாங்கியவை, ஆபீஸ் கவர் அல்ல. அந்த விஷயத்தில் நான் சுத்தம்.

முதல் மாதம் பதினைந்தாம் தேதிக்கு முன்பே இதர கவர் வயிறு ஒட்டிப்போனது. அட்வான்ஸ் கவரோ மாப்பிள்ளை மாதிரி தொப்பையோடு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பவர்கள்தானே. ஒரு துண்டுச்சீட்டில் 'கைமாத்து ரூ. 300, பெறுபவர் இதர, அடுத்த சம்பளத்தில் திரும்பும்' என்று எழுதி, கொடுத்தவன் பெற்றவன் இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டு, அட்வான்ஸ் கவருக்குள் வைத்தேன். எவ்வளவு நாணயம் பாருங்கள். அடுத்த சம்பளத்தில் இதர, வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தது, மறுவாரமே முன்னூறுக்குப் பதில் ஐந்நூறாக வாங்கிக்கொண்டது. பொங்கலுக்குள் அட்வான்ஸ் கவரில் நோட்டைவிடச் சீட்டு கனமாக இருந்தது. வாரம் தவறாமல் எடுத்து எண்ணிப் பார்ப்பேன். சீட்டையும் சேர்த்துக் கூட்டினால் கணக்கு கச்சிதமாக வரும்.

கோட்டுக்காரரின் வீடியோவுக்கே மறுபடி போனேன். வெளியே டீ குடிக்காதீர்கள், ஆர்டர் போட்டுச் சாப்பிடாதீர்கள், ஒரே ஒரு மாதம் தேவையில்லாத செலவு எதுவும் செய்யாமல் இருந்து பாருங்கள் என்றார். பிப்ரவரிதான் இருப்பதிலேயே சின்ன மாதம் என்று அதில் ஆரம்பித்தேன்.

காசு மிச்சமானது உண்மை. ஆபீஸ் டீயை மட்டும் குடித்தேன். மெஸ்ஸிலிருந்து ஒரு டிபன் கேரியர் காலையில் படியில் வந்து உட்காரும், மாலையில் காலியாகப் போகும். கொண்டுவருபவரைக்கூடப் பார்த்ததில்லை. எஸ்டேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவைத் தவிர்த்து நடந்தேன். ஆபீஸில் பேசுவதெல்லாம் ரூபாயும் கிலோவும். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து, காயப்போட்டு, மடித்து, மடித்ததைக் கலைத்து மறுபடி மடித்தேன். டேங்க் நிறைந்தது, மோட்டாரை நிறுத்தினேன். அவ்வளவுதான் அன்றைய போக்குவரத்து.

சாயங்காலம் மனைவி போன் வந்தது. எடுத்து 'சொல்லு' என்று சொல்லப் போனேன். குரல் வரவில்லை. காற்று மட்டும் வந்தது. இரண்டாவது தடவை யாரோ பழைய கதவைத் திறந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. முந்தின நாள் சாயங்காலம் அவளோடு பேசி வைத்ததிலிருந்து வாயே திறக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தொண்டை ஏன் இப்படி இருக்கு, சளியா என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? ஒருவரும் பேசாததால் குரல் துருப்பிடித்துவிட்டது என்று கணக்கு டீச்சரிடம் சொல்ல முடியுமா. உடனே ஆவி பிடிக்கச் சொன்னாள். பிடிக்க மாட்டேன் என்று தெரிந்து வீடியோவில் வரச் சொன்னாள். வாளித் தண்ணீரில் ஹீட்டர் போட்டுக் கொதிக்கவைத்து, போர்வையை மூடிக்கொண்டு, இல்லாத சளிக்கு வியர்க்க வியர்க்க ஆவி பிடித்தேன். 'நல்லா இழுங்க' என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். போர்வைக்குள் போனையும் வைத்திருந்ததால் திரை மங்கிவிட்டது, குரல் மட்டும் கேட்டது. எனக்கு அந்தப் போர்வையைவிட்டு வெளியே வர மனசில்லை.

மார்ச்சில் உடைப்பெடுத்தது. ஒரு மாதம் அடைத்துவைத்த டீ எல்லாம் சேர்ந்து வந்தது. ஒரு டீக்கு வெளியே போய் மூன்று டீ குடித்து, நின்றிருந்தவர்களுக்கும் நானே கொடுத்துவிட்டு வருவேன். மெஸ் சாப்பாடு படியில் இருக்க, ஆர்டர் போடுவேன். மொட்டைமாடிக்கு வழி தெரியாமல் டெலிவரிக்காரர் எப்படியும் போன் செய்வார். இடது பக்கம், பச்சை கேட், மூணு மாடி ஏறணும் என்று நான் வழி சொல்வதில் இருக்கும் உற்சாகத்தைப் பார்த்தால் கிரகப்பிரவேசத்துக்கு அழைப்பதாக நினைப்பார்கள். நிஜமான கிரகப்பிரவேசம் ஒன்றுக்கும் போனேன். ஆபீஸில் அதிகம் பழக்கமில்லாத ஒருவர், எல்லோருக்கும் பொதுவாக ஒட்டிவிட்டுப் போன பத்திரிகை. ஐந்நூறு மொய் எழுதி உட்கார்ந்தேன். சாம்பார் போடுபவர், இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

முடிவெட்டக்கூட அடிக்கடி போனேன். மேனாம்பேட்டில் என் தெருமுனையில் இருக்கிற கடை அது. கடைக்காரர் என் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார், போன வாரம்தான வெட்டிக்கினு போன. வளர்றதுக்கு டைம் குட்க்க வாணாமா?" பின்னாடி மட்டும் கொஞ்சம் என்று சொல்லி உட்கார்ந்தேன். பின்னாடி ஒன்றுமே இல்லை. அவர் சும்மா காற்றில் கத்திரியை ஆட்டிக்கொண்டே தன் மச்சான் வாங்கிய ஆட்டோவின் தீராத வியாதிகளைப் பற்றிச் சொன்னார். காசு முழுசாக வாங்கிக்கொண்டார்.

எல்லாவற்றுக்கும் சிகரம் கிரைண்டர். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் பெரிய வீட்டுச்சாமான் கடை ஒன்று. வெயிலுக்கு ஏ.சி.யில் ஒதுங்கலாம் என்று நுழைந்தேன். ஒரு விற்பனையாளர் நாற்காலி போட்டார், பேப்பர் கப்பில் காபி வந்தது. வீட்டில் எத்தனை பேர் சார் என்று கேட்டார். மூணு பேர் என்றேன். இந்த ஊருக்கு வந்து அந்த எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மேடத்துக்குக் கைவலி உண்டா, பாப்பாவுக்கு இட்லி பிடிக்குமா தோசையா, ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன், கேட்காததற்கும் சொன்னேன். இவ்வளவு நேரம் உட்காரவைத்துக் கேட்ட மனுஷரை விட்டு வெறுங்கையோடு எழுந்து வர மனசு வரவில்லை. அடுப்பே இல்லாத ரூமுக்கு ஒரு வெட் கிரைண்டரைச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறினேன். குடும்பம் வந்தால் ஆகும் என்று சீட்டில் காரணம் எழுதினேன். குடும்பம் வருவதற்கான காசில்தான் அதை வாங்கினேன் என்பதை எழுத இடம் போதவில்லை.

மனைவி தினமும் சாயங்காலம் பேசுவாள். சாப்பிட்டாச்சா, ஆச்சு. அப்புறம், எவ்வளவு சேர்ந்திருக்கு? கிட்டத்தட்ட என்பேன். அந்த ஒரு வார்த்தையை வைத்து ஏப்ரல் முழுக்க ஓட்டினேன். அடுத்து என்ன கேட்பாளோ என்று ஆபீஸ் வேலை, மோட்டார், சார்ஜ் இல்லை என ஏதாவது சொல்லி வைத்துவிடுவேன். பேச ஆள் இல்லாமல் ஊரெல்லாம் காசு கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தவன், தானாக வருகிற ஒரே போனை இரண்டு நிமிஷத்தில் முடித்துக்கொண்டிருந்தேன். இது எனக்கு அப்போது விசித்திரமாகவே படவில்லை.

ஏப்ரல் கடைசியில் கவரைக் கொட்டி எண்ணினேன். பாதிக்குக் கொஞ்சம் மேல் நோட்டு. மீதி என் கையெழுத்து. கொரட்டூர் அம்மாவிடம் இன்னும் ஒரு மாதம் தவணை கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "வேற பார்ட்டி முழுசா குட்த்துட்டாங்கபா. நீ மொதல்லயே சொல்லிக்கீலாம்ல?" என்றார். கேட்டது நியாயம்.

மனைவியிடம் சொல்ல ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தேன். கடைசியில் சொன்னேன், கிரைண்டர் உட்பட. அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டு, கொஞ்ச நேரம் பேசியதாகவாவது ஆகியிருக்கும். "சரி. இங்கேயே ஆறாவதுக்கு ஃபீஸ் கட்டிடறேன்" என்றாள். மகள் சென்னைக்குப் போகிறோம் என்று தன் ஜாமெட்ரி பாக்ஸைப் பக்கத்து பெஞ்ச் தோழிக்குக் கொடுத்துவிட்டாளாம். இப்போது திரும்பக் கேட்க வெட்கம். இதையும் மனைவிதான் சொன்னாள், மகள் போனுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அவள் கேட்பதே இல்லை. சாப்பிட்டாச்சா, ஆச்சு. அதோடு முடிந்துபோகும். நான் தப்பித்த மாதிரி இருக்க வேண்டும். இல்லை.

ஜூனில் ஒருநாள் ஆபீஸில் ஷாப்பிலிருந்து வந்த ஷீட்டில் வழக்கம்போல இதரவுக்கு வட்டம் போட்டேன். 'பிரித்து எழுதவும்' என்று எழுதும்போது பேனா பாதியில் நின்றது. அந்த ஞாயிறு, அட்வான்ஸ் கவரிலிருந்த சீட்டுகளைப் பாயில் பரப்பி, வேறு யாரோ கொடுத்த ஷீட் மாதிரி நினைத்துக்கொண்டு பிரித்துப் பார்த்தேன். டீ என்றால் டீயா? ஆபீஸில் சும்மாவே கிடைக்கிறதே. முடி என்றால் முடியா? தலையில் இல்லாத முடிக்கா? மொய், ஆர்டர், ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கும் சேர்த்துக் கொடுத்த காசு, மூலையில் துணி போட்டு மூடியிருந்த அந்தக் கிரைண்டர். எதிலும் பொருளைக் காணவில்லை. எல்லாவற்றிலும் எதிரே ஒரு ஆள் நின்றுகொண்டு ஏதாவது கேட்டுக்கொண்டிருந்தார். என் இதரவில் ஒரே ஒரு ஐட்டம்தான் இருந்தது.

நான் அதுவரை போட்ட பட்ஜெட் எல்லாம், என் முகமும் என் சம்பளமும் உள்ள, ஆனால் ஒருவரும் தேவைப்படாத ஒருத்தனுக்குப் போட்டது. அவன் இருந்திருந்தால் நிச்சயம் சேர்த்திருப்பான்.

இதர என்று எழுதியிருந்த கவரைக் கிழித்தேன். புதுக் கவரில் 'பேச்சு' என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன், அவ்வளவு வெட்கமாக இருந்தது. மாதம் தொள்ளாயிரம். அதற்குள் வெளி டீ, மாதம் ஒரு முடிவெட்டு, மெஸ்காரர் கடையிலேயே போய் உட்கார்ந்து சாப்பிடும் ஞாயிறு சாப்பாடு. ஆர்டர் கிடையாது, முகம் தெரியாத வீட்டு மொய் கிடையாது, ஏ.சி. கடை வாசலை மிதிப்பது கிடையாது. நல்ல செலவுதான் இது என்று பெயர் வைத்துவிட்ட பிறகு ஒளித்துச் செய்ய வேண்டியதில்லை. ஒளித்துச் செய்யாததால் ஒன்றுக்கு மூன்றாகச் செய்ய வேண்டியதும் இல்லை. ஒரு டீயை மெதுவாகக் குடிக்கக் கற்றுக்கொண்டேன். கடைசி வாரம் கவர் காலியாகிவிடும். அப்போது டீக்கடைக்கு எதிரே நடைபாதையில் சும்மா நிற்பேன், மற்றவர்கள் பேசுவது அங்கேயே கேட்கும்.

முடிவெட்டுகிறவர்தான் கோபித்துக்கொண்டார். "இன்னா சார், ஆளையே காணோம். கடைய மாத்திக்கினியா?" முடி வளரட்டும் என்று காத்திருந்தேன் என்றேன். நம்பவில்லை.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட். அட்வான்ஸ் கவருக்குள் ஒரு சீட்டுகூடப் போகவில்லை. பழைய சீட்டுகளில் இரண்டை நிஜ நோட்டு வைத்து எடுத்தும்விட்டேன். இப்படியே போனால் அடுத்த ஜூனுக்குச் சேர்ந்துவிடும். மகள் ஏழாவது. போல்ட்டுக்கு விலை போட்டு ஆர்டர் பிடித்தபோதெல்லாம் வராத ஒரு பெருமை வந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும். டீக்கடையில் சொல்கிற விஷயமா இது?

ஒரு ஞாயிறு மத்தியானம் நானாகவே மனைவிக்குப் போன் செய்தேன். அவள் பதறிப்போய் எடுத்தாள், நான் கூப்பிட்டு நாளாகியிருந்தது. ஒன்றுமில்லை, பட்ஜெட் போட்டிருக்கிறேன், மூணு மாசமாக உடையாமல் நிற்கிறது, கேளு என்றேன். சொல்லுங்க என்றாள். கவர்களை வரிசையாக முன்னால் வைத்துக்கொண்டு படித்தேன். வாடகை, மெஸ், ஆட்டோ, ஊருக்கு, அட்வான்ஸ். அவள் அந்தப் பக்கம் மனசுக்குள் கூட்டிக்கொண்டே வருவது எனக்குத் தெரிந்தது. தொள்ளாயிரம் இடிக்குதே என்றாள். அங்கேதான் காத்துக்கொண்டிருந்தேன். பேச்சு என்றேன். பேச்சா என்றாள். விளக்கினேன். டீக்கடையை, முடிவெட்டுவதை, சாம்பார் போட்டவரை, நாற்காலி போட்ட விற்பனையாளரை, ஒரு ஞாயிறு முழுக்க வாயே திறக்காமல் இருந்ததை, ஆவி பிடித்தது சளிக்கு இல்லை என்பதை. அவள் சிரிப்பாள் என்று சிரிக்கிற மாதிரியே சொன்னேன். மாதம் தொள்ளாயிரம் ஒதுக்கிவிட்டால் போதும், யாரோடாவது பேசிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம், இதுதான் நான் கண்டுபிடித்தது என்று முடித்தேன்.

அவள் சிரிக்கவில்லை.

"அதுல எனக்கு எவ்வளவு?" என்றாள்.